ஏழு வாட்டில் எட்டும் தூரம்

திண்டுக்கல் சமவெளியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை கண்ணில் படும். தெற்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானலைச் சுமந்து நிற்கும் பழனி மலைத்தொடர், ஊருக்குள்ளேயே கோட்டையோடு ஒரு பாறை. கண்ணுக்கு அழகான இந்த மலைகள், கையில் பிடித்துப் பேசும் வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவிக்கு மட்டும் பெரிய இடைஞ்சல். அந்த அலை நேர்க்கோட்டில்தான் போகும். நடுவில் மலை வந்துவிட்டால் மறுபக்கத்து ஊரோடு பேச்சு அறுந்துபோகும்.

இதே ஊரில் 7 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் ‘நாற்பது மீட்டர்’ என்று சொல்லும் அலைவரிசை இது. பகலில் ஏறக்குறைய செங்குத்தாக மேலே போகும் அலையை, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம் திருப்பிக் கீழே அனுப்பிவிடும். உச்சியிலிருந்து இறங்கி வரும் அலைக்கு மலை ஒரு தடையே இல்லை. மதுரை, திருச்சி, கோவை, சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் எல்லாமே இந்த வீச்சுக்குள் வந்துவிடும். இதற்குத் தேவையான ஏரியலும் எளியது. மொத்தம் சுமார் 20 மீட்டர் செப்புக் கம்பியை நடுவில் வெட்டி, அங்கே கோஆக்சியல் கேபிளை இணைத்து, இரண்டு தென்னை மரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டினால் போதும். சக்தியும் அதிகம் வேண்டாம், வீட்டு எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்ளும் ஏழெட்டு வாட்டே போதுமானது.

அந்த ஏழெட்டு வாட் கருவியைக் கடையில் வாங்காமல், உதிரிபாகங்களாக வரும் கிட்டை எடுத்து வைத்து, தானே ஈயம் வைத்து, தானே காயில் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பழக்கம் ஹாம் உலகில் மிகப் பழையது. சாதாரணக் குடிமகன் ஒருவர் ஒலிபரப்பும் கருவியைத் தன் கையால் செய்து, சட்டப்படி இயக்கிப் பார்க்க இடம் தருவது அநேகமாக இந்த ஒரு சேவைதான். எந்தக் கிட் நல்லது, அதில் இன்னும் என்ன இருந்திருக்கலாம் என்பது எந்த ஊரில் இரண்டு ஹாம்கள் சந்தித்தாலும் ஓயாத பேச்சு.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1924 மே மாதம் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 31-ம் தேதி 40 வாட் டிரான்ஸ்மிட்டருடன் ஒலிபரப்பு ஆரம்பமானது. அரசாங்க வானொலி என்று ஒன்று நாட்டில் உருவாவதற்கு முன்பே, ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய முயற்சி அது. பணம் போதாமல் 1927-ல் கிளப் நின்றுபோனது. பின்னர் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது.

சுதந்திரத்துக்குப் பின் பல பத்தாண்டுகள், இந்திய ஹாம்களுக்குக் கருவி கிடைப்பதே பெரும்பாடு. உலகப் போரில் எஞ்சிய ராணுவக் கருவிகளைத் தேடிப் பிடித்து, வால்வு மாற்றி, காயில் மாற்றி ஓட்டினார்கள். பேசவும் கேட்கவும் ஒன்றாகவே உதவும் ஜப்பானிய ரெடிமேட் டிரான்ஸீவர் வாங்க வசதி இருந்தாலும் இறக்குமதி அனுமதி, சுங்க வரி என்று வழியில் படிகள் பல. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய பிறகும் பேசுவதற்குக் கருவி இல்லாமல் இருந்தவர்கள் உண்டு. சின்ன ஊர்க்காரர்களை இந்தக் குறை இன்னும் அதிகமாகத் தாக்கியது. எதற்கெடுத்தாலும் சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளுக்குப் போக வேண்டியிருந்தது.

இந்த நிலையை மாற்றியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான். அழைப்புக் குறி வி.யு.2 இ.எஸ்.இ. 2000-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ‘பிட்எக்ஸ்’ என்ற சர்க்யூட், 14 மெகாஹெர்ட்ஸில் ஆறு வாட் தரும் ஒற்றைப் பக்கப்பட்டை டிரான்ஸீவர். பேச்சைக் குறைந்த அகலத்தில் அடக்கி அனுப்பும் இந்த முறைக்கான கருவியை வீட்டில் கட்டுவது அதுவரை தேர்ந்த கைகளுக்கே உரிய வேலை என்றுதான் எண்ணப்பட்டது. ஃபர்ஹான் செய்தது இரண்டு காரியங்கள். இரு திசையிலும் வேலை செய்யும் ஆம்ப்ளிஃபயர்களை வைத்து, கேட்கும்போது ஒரு திசையிலும் பேசும்போது எதிர்த்திசையிலும் சிக்னல் ஓடும்படி அமைத்தார். இதனால் கிரிஸ்டல் ஃபில்டரும் மிக்ஸர்களும் இரண்டு வேலைக்கும் பொதுவாகிவிட்டன. பாகங்களின் எண்ணிக்கை குறைந்தது. இரண்டாவது காரியம், இந்தியச் சின்ன ஊர்களை மனதில் வைத்துச் செய்தது. எந்தக் கடையிலும் கிடைக்கும் டிரான்சிஸ்டர், பழைய டி.வி.யில் இருக்கும் பேலன் (balun) கோர், ஹார்டுவேர் கடையில் விற்கும் நைலான் குழாய் வாஷர் இவற்றைக் கொண்டே கட்டலாம் என்று காட்டினார். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய டொராய்டு வளையத்துக்குப் பதில் குழாய் வாஷரில் கம்பி சுற்றி ஆஸிலேட்டர் காயில் செய்யலாம் என்பது, திண்டுக்கல் மாதிரி ஊரில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை!

சர்க்யூட்டை அவர் காப்புரிமைக்குள் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்த்துக் கட்டலாம், மாற்றலாம், கிட்டாக்கி விற்கலாம் என்று விட்டார். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ அதன் வழித்தோன்றல்கள் முளைத்தன. ஒரு வெளிநாட்டு டிசைனை இந்தியாவில் நகலெடுப்பதுதான் வழக்கம் என்றிருந்த துறையில், இந்திய டிசைன் ஒன்றை உலகம் நகலெடுத்தது.

2016 இறுதியில் அவரது எச்.எஃப். சிக்னல்ஸ் நிறுவனம் ‘பிட்எக்ஸ் 40’ என்ற போர்டைக் கொண்டுவந்தது. 7 மெகாஹெர்ட்ஸ் மட்டும், சுமார் ஏழு வாட், விலை 45 டாலர். பாகங்கள் போர்டில் முன்பே பொருத்தப்பட்டிருக்கும். காயில்களை ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று கையால் சுற்றியது. வாங்குகிறவர் மைக், வால்யூம் கன்ட்ரோல், ஸ்பீக்கர், ஏரியல் சாக்கெட் ஆகியவற்றை இணைத்து ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டி தரப்படாது. ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும் என்பதால், முழுக்க உதிரியாக வரும் கிட்டைக் கண்டு தயங்கியவர்கள்கூட இதை எடுத்தார்கள்.

முதலில் வந்த போர்டில் டியூனிங் முழுக்க அனலாக். அதில் ஒரு சிக்கல். போர்டு சூடேறினால் அலைவரிசை மெல்ல நகரும். திண்டுக்கல் வெயிலில், ஓட்டுக் கூரைக்குக் கீழே சித்திரை மத்தியானத்தில் உட்கார்ந்து பேசினால், எதிர்முனைக்காரரின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சென்றோ கரகரவென்றோ மாறும். கை டியூனிங்கிலேயே இருக்க வேண்டும். கொஞ்ச காலத்தில் ‘ராடுயினோ’ என்ற சிறு போர்டு சேர்ந்தது. ஆர்டுயினோ நானோ, எஸ்.ஐ.5351 என்ற கடிகாரச் சில்லு, இரண்டு வரி டிஸ்பிளே, அவ்வளவுதான். அலைவரிசை நிலைத்து நின்றது, எண்ணும் கண்ணுக்குத் தெரிந்தது. அதைவிட முக்கியம், அந்தச் சில்லை நடத்தும் நிரலும் திறந்த நிலையில் இருந்தது. இன்ஜினியரிங் கல்லூரியில் ஆர்டுயினோ பழகிய ஒரு மாணவர், தன் வானொலியின் குணத்தைத் தானே மாற்றி எழுதலாம் என்ற நிலை வந்தது.

மலைகள் சூழ்ந்த சமவெளிக்கும், தென்னிந்தியா முழுவதையும் பகலில் எட்ட வேண்டிய தேவைக்கும் இந்த ஒற்றைப் பேண்ட் கிட் கச்சிதமாகப் பொருந்துகிறது. எல்லா அலைவரிசையும் வேண்டும் என்ற ஆசை புதியவர்களுக்கு முதலில் எழும். ஆனால் முதல் கருவியாக நாற்பது மீட்டரை மட்டும் எடுப்பதே புத்திசாலித்தனம். ஏரியல் ஒன்று போதும், தவறு செய்ய வாய்ப்பும் குறைவு.

எல்லா அலைவரிசையும் கேட்டவர்களுக்கு 2017 டிசம்பரில் ‘மைக்ரோ பிட்எக்ஸ்’ வந்தது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, பேச்சும் மோர்ஸும், 109 டாலர். அந்த விலைக்கு அப்படி ஒரு கருவி அப்போது கிடைப்பது அரிது. ஆனால் அதன் ஆரம்பப் பதிப்புகளில் ஒரு குறை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஃபில்டர்களை மாற்றும் ரிலேக்கள் அமைந்த விதத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு சிக்னல் கசிந்து, தேவையற்ற ஹார்மோனிக்குகள் ஏரியலுக்குப் போயின. உலகெங்கும் ஹாம்கள் அளந்து பார்த்துச் சொன்னார்கள், ஒட்டுவேலைகளும் கண்டுபிடித்தார்கள். ஐந்தாம் பதிப்பில் ஃபில்டர் பகுதியையே மாற்றி அமைத்தார்கள். திறந்த டிசைன் என்பதன் பலன் இதுதான். குறையும் வெளிச்சத்தில் இருந்தது, திருத்தமும் வெளிச்சத்தில் நடந்தது.

கட்டுபவர்கள் விரும்பிக் கேட்கும் வசதிகளின் பட்டியல் இங்கிருந்துதான் நீள்கிறது. முதலிடம் ஏ.ஜி.சி.க்கு, அதாவது சத்தத்தைத் தானே சமன்செய்யும் வசதிக்கு. பிட்எக்ஸ் 40, மைக்ரோ பிட்எக்ஸ் இரண்டிலும் அது இல்லை. திருச்சியிலிருந்து நூறு வாட்டில் பேசுகிறவர் காதைப் பிளப்பார். அடுத்து இலங்கையிலிருந்து மெல்லிய குரலில் ஒருவர் அழைப்பார். கை வால்யூமை விட்டு நகர முடியாது. ஹெட்ஃபோன் போட்டவருக்கு இது தொல்லை மட்டுமல்ல, காதுக்கே ஆபத்து. ஒரு சில டிரான்சிஸ்டர்களில் முடிகிற இந்த வேலையைப் பலரும் தனித்தனியாகச் செய்து போர்டில் ஒட்டிக்கொண்டார்கள். அடிப்படைக் கிட்டிலேயே இருந்திருக்க வேண்டிய ஒன்று இது.

அடுத்தது பாதுகாப்பு. இந்தக் கிட்களில் கடைசிக் கட்டத்தில் சக்தி தருவது ஐ.ஆர்.எஃப். 510 என்ற மாஸ்ஃபெட். பவர் சப்ளைகளில் ஸ்விட்ச்சாக வேலை செய்யப் பிறந்த மலிவான பாகம் அது. ஹாம்கள் அதை வானொலி ஆம்ப்ளிஃபயராக மாற்றிக்கொண்டார்கள். அதன் பயாஸ் பிரிசெட்டைக் கொஞ்சம் அதிகம் திருப்பினால் போச்சு. ஹீட்சிங்கில் பொருத்தும்போது மைக்கா தகடு வைக்க மறந்தாலும், ஏரியல் இல்லாமல் பேசினாலும், பேட்டரி முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் அதே கதிதான். சில பத்து ரூபாயில் புதியது கிடைக்கும். அது கிடைக்கும் கடை பக்கத்தில் இருக்க வேண்டுமே! முனைகளை மாற்றிக் கொடுத்தால் காப்பாற்ற ஒரு டயோடு, ஏரியல் சரியில்லை என்றால் சக்தியைத் தானே குறைக்க ஒரு சிறு சர்க்யூட். கடை தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு இவை அலங்காரம் அல்ல, அவசியம்.

மூன்றாவது ஆசையை நிறைவேற்றிக் காட்டியது வேறொரு கிட். க்யூ.ஆர்.பி. லேப்ஸ் நடத்தும் ஹான்ஸ் சம்மர்ஸ் 2017-ல் ‘க்யூ.சி.எக்ஸ்.’ என்ற மோர்ஸ் டிரான்ஸீவர் கிட்டை 49 டாலருக்குக் கொண்டுவந்தார். இளைஞர் ஹாம் முகாம் ஒன்றுக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது அது. தன்னைத் தானே சரிபார்க்கும் சோதனைக் கருவிகள் அதற்குள்ளேயே இருந்தன. சிக்னல் ஜெனரேட்டர், வோல்ட்மீட்டர், அலைவரிசை எண்ணி எல்லாம் டிஸ்பிளேயிலேயே வரும். ஆஸிலோஸ்கோப் இல்லாதவர் திருப்புளியை வைத்துக்கொண்டு, திரையில் நகரும் கோட்டைப் பார்த்தே அலைன்மென்ட் முடிக்கலாம். ஒவ்வொரு பாகத்தையும் எங்கே, எப்படி வைப்பது என்று படம் போட்டு விளக்கிய கையேடும் அதோடு வந்தது. வீட்டில் மல்டிமீட்டர் ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன?

க்யூ.சி.எக்ஸ். இன்னொரு எதிர்பாராத கிளையையும் விட்டது. கைடோ என்ற டச்சு ஹாம் அதன் சர்க்யூட்டைக் கொஞ்சம் மாற்றி, உள்ளே இருந்த அதே எட்டு பிட் சில்லையே பேச்சையும் உருவாக்க வைத்தார். அதிலிருந்து ‘யு.எஸ்.டி.எக்ஸ்.’ என்ற குடும்பமே பிறந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் ஐந்து பேண்ட் கருவி வரை அது வளர்ந்துவிட்டது. கேட்கும் தரம் பெரிய கருவிகளுக்கு ஈடாகாது. ஆனால் பேட்டரியை மிகக் குறைவாகக் குடிக்கும். மலையேறுகிறவர்கள் விரும்புவது அதனால்தான்.

சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ கருவியைத் தூக்கிப்போக நினைப்பவர் முதலில் பார்ப்பது எடையையும் மின்சாரத்தையும்தான். பிட்எக்ஸ் 40 போன்ற கருவி கேட்கும்போது சில நூறு மில்லி ஆம்பியருக்குள் முடித்துக்கொள்ளும். பேசும்போதுதான் ஓர் ஆம்பியரைத் தாண்டும். ஒரு பைக் பேட்டரி போதும். சின்ன சோலார் பேனல் இருந்தால் நாள்கணக்கில் ஓடும்.

இது பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பதை இந்த மாவட்டம் பட்டு அறிந்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், வலுக் குறைந்தபடியே மேற்கே நகர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாகத்தான் கேரளத்துக்குள் போனது. கொடைக்கானல் சாலைகளில் மரங்கள் சாய்ந்தன. டெல்டாவில் பல்லாயிரம் மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும். 12 வோல்ட் பேட்டரியும் ஒரு நீளக் கம்பியும் மட்டுமே கேட்கும் கருவியின் அருமை அப்போதுதான் தெரியும். 2004 சுனாமியின்போது அந்தமானுக்கு ஹாம் முகாமாகப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியதும் இப்படிப்பட்ட எளிய ஏற்பாடுகளின் பலத்தில்தான்.

ஆகவே பேட்டரியின் அளவைத் திரையில் காட்டும் வசதி, மின்னழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் வசதி, நனையாத பெட்டி ஆகியவை இந்தப் பகுதிக்கான கிட்டில் இருக்க வேண்டியவை. பெட்டியைப் பொறுத்தவரை திண்டுக்கல்லுக்குக் குறையே இல்லை. பூட்டும் இரும்புப் பெட்டகமும் செய்து பேர் வாங்கிய ஊர் இது. தகடு வெட்டி, மடித்து, துளையிட்டுத் தரும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு போலத்தான் நல்ல கிட்டும்: செய்தவருக்கு அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டும் தெரியும், கெட்டால் திறந்து சரிசெய்ய அவரால் முடியும்.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு தேவை உண்டு. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், ஊரைச் சுற்றியுள்ள மில்களின் மோட்டார்கள் என்று எல்லாம் சேர்ந்து நாற்பது மீட்டரில் ஓர் ஓயாத இரைச்சலைப் போடுகின்றன. பழைய சர்க்யூட்களில் இதற்கு மருந்து குறைவு. மென்பொருளில் இயங்கும் வானொலிகள் இங்கேதான் முன்னேறிவிட்டன. ஃபர்ஹானின் அடுத்த படைப்பான ‘எஸ்பிட்எக்ஸ்’, ராஸ்பெரி பை கணினியை உள்ளே வைத்துக்கொண்டது. இரைச்சல் வடிகட்டல், அலைவரிசையைப் படமாகக் காட்டும் திரை, எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறை எல்லாம் அதற்குள்ளேயே. அதன் நிரல் சி மொழியில் எழுதப்பட்டு, எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. 2025-ல் வந்த ‘இசட்பிட்எக்ஸ்’ அதையே கையடக்கமாக்கியது.

இந்த மாற்றத்தில் லாபமும் உண்டு, இழப்பும் உண்டு. காதால் கேட்க முடியாத அளவு மெல்லிய சிக்னலையும் எஃப்.டி.8 பிடித்துவிடும், ஐந்து வாட்டில் கண்டம் தாண்டலாம். ஆனால் ரிசிஸ்டரை மாற்றிக் குறை தீர்த்த கைக்கு, கணினிச் சில்லுக்குள் நடப்பது எட்டாது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பாகங்களைச் சாதாரண சால்டரிங் அயர்னால் தொடவே முடியாது. நாற்பது மீட்டர் பேச்சுக் கருவி ஒன்றாவது, பெரிய பாகங்களோடு, சர்க்யூட் படத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து போகும்படி எப்போதும் கிடைக்க வேண்டும். அது வழக்கொழிந்துவிடக் கூடாது.

எந்த பேண்ட் வேண்டும் என்ற கேள்விக்குச் சூரியனையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டது இங்கேதான். அயனி மண்டலத்தை ரேடியோ அலையால் துழாவி அளக்கும் வேலையும் 1950-களில் இங்கே நடந்தது. சூரியப் புள்ளிகள் கூடினால் அயனி மண்டலம் கெட்டிப்படும். 28 மெகாஹெர்ட்ஸ் (பத்து மீட்டர்) போன்ற உயர்ந்த அலைவரிசைகள் திறந்து, சில வாட்டில் உலகைச் சுற்றலாம். சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் நடப்புச் சுழற்சி 2024-ல் உச்சத்துக்கு வந்தது. இனி சில ஆண்டுகள் இறங்குமுகம்தான். பத்து மீட்டருக்காகவே கிட் வாங்க நினைப்பவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நாற்பது மீட்டர் எல்லாக் காலத்திலும் ஓரளவு கைகொடுக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது நமக்குக் கூடுதல் வசதி.

எந்த நிறுவனமும் இதுவரை பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு தேவை மிச்சமிருக்கிறது: நல்ல தமிழ்க் கையேடு. எந்த காயிலில் எத்தனை சுற்று, முதலில் எதைப் பொருத்துவது, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும், வராவிட்டால் எங்கே தேடுவது என்று படத்தோடு தமிழில் எழுதிய கையேடு. வேடசந்தூரிலோ நத்தத்திலோ அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஓம் விதி படிக்கும் பிள்ளைக்கு, அந்த விதி எதற்கு உதவும் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட ஒரு பொருள் கிடைக்காது. தமிழில் எழுதக்கூடிய மூத்த ஹாம்கள் இருக்கிறார்கள். திறந்த டிசைன்கள் இருக்கின்றன. யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கிட் கையில் வருவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் ஒலிபரப்பும் கருவியை வைத்திருக்கவும் இயக்கவும் லைசென்ஸ் வேண்டும். டபிள்யூ.பி.சி. எனப்படும் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு இதற்கான தேர்வை நடத்துகிறது. 12 வயது நிரம்பினால் எழுதலாம். வானொலி அடிப்படையும் விதிமுறைகளும் பாடம். தொடக்கநிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. அதில் தேறியவருக்கு வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். ஏழு வாட் கிட்டை நாற்பது மீட்டரில் ஓட்ட அந்த லைசென்ஸே போதும்.